கட்டடத்திற்கு முன் ஆசிரியர்

மானாமதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் ரயில் பாதையில் நரிக்குடி ஒரு சிறு ஸ்டேஷன். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிடில் மிளகாயும் பருத்தியும். அவையும் பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுதல். இதுவே அச்சுற்றுப்புறத்துக் குடியானவரின் ஜீவனக் கணக்கு. உலகத்தின் நவீன வைத்தியங்களுள் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்த நாம், நரிக்குடியின் பெயரை ஏன் முதலில் எடுத்தோம் என்று நேயர்கள் வினவக்கூடும். ஒரு வைத்தியம் யாரிடம் கடைசியாகப் போய்ச் சேருமோ, அவரை முதலில் நினைத்துக்கொண்டு பேசுவதே நியாயம் என்பது எமது கொள்கை.

புற்றுநோய்க்கு இக்காலத்தில் தோன்றியுள்ள உயிரணுச் சிகிச்சையைக் குறித்தே பேசுகிறோம். நமது ரத்தத்தில் டி அணுக்கள் என்னும் காவற்படை ஒன்று உண்டு. அந்நியக் கிருமிகளை இனங்கண்டு அழிப்பது அதன் தொழில். ஆயினும் புற்றணு நமது சொந்த உடலிலேயே பிறந்ததாகையால், காவலன் அதனைப் பல சமயங்களில் அடையாளங் காணாது விட்டுவிடுகிறான். ஆகவே வைத்தியர்கள் நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். தீங்கு செய்யாதவாறு மாற்றப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் அவற்றுள் ஒரு புதிய ஜீனைப் புகுத்துகின்றனர். சிலவகை ரத்தப் புற்றணுக்களின் மேல் சிடி-19 என்னும் முத்திரை காணப்படும். அதைப் பற்றும் கொக்கியொன்று இப்பொழுது டி அணுவில் முளைக்கிறது. இவ்வாறு பழக்கப்பட்ட அணுக்களைப் பெருக்கி, மீண்டும் அதே நோயாளியின் உடலில் செலுத்துகின்றனர். இதற்குக் கார்-டி சிகிச்சை என்று பெயர்.

இஸ்ரேல் தேசத்தின் விஞ்ஞானி ஸெலிக் எஷ்ஹாரும் அவருடைய சகாக்களும் இக்கருத்தை 1989-இல் வெளியிட்டனர். 2012-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இச்சிகிச்சையால் பிழைத்தாள். 2017-இல் அமெரிக்க சர்க்கார் அனுமதியளித்தபோது, அங்கு குறிக்கப்பட்ட விலை 4,75,000 டாலர். அன்றைய நமது நாணயத்தில் சுமார் 3 கோடி ரூபாய். நரிக்குடி ஒன்றியத்தின் கிராமமொன்றை மொத்தமாக விற்றாலும் தேறுமோ தேறாதோ!

நிற்க. நமது தேசம் இவ்விஷயத்தில் கைகட்டி நிற்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2013-இல் ஆசிரியராகச் சேர்ந்த ராகுல் புர்வார் அவர்கள், டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி வைத்தியர்களுடன் கூடி உழைத்ததன் பயனாக, 2023 அக்டோபரில் முதல் சுதேசக் கார்-டி மருந்து அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி ராஷ்டிரபதி திரௌபதி முர்மு அவர்கள் அதனைத் தேசத்திற்கு அர்ப்பணித்தார். நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ, ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுமார் 9 நாட்களில் அணுக்களைத் தயாரித்து, சிறு எண்ணிக்கையினரான நோயாளிகளுக்குச் செலுத்தி, நம்பிக்கையூட்டும் பலனை 2025-இல் வெளியிட்டது. வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை 1986 முதல் நடந்து வருவதையும் இங்கே நினைவூட்டுகிறோம். ஒரு நாளில் விளைந்த பயிரன்று அது.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. 2013-இல் பம்பாயில் ஓர் ஆசிரியர் நியமனம். 2023-இல் ஒரு மருந்து. இடையே பத்து வருஷ காலம். அந்நியமனம் நடைபெறாதிருந்தால், அல்லது வருஷத்திற்கு வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக உத்தியோகமாக இருந்திருந்தால், அம்மருந்து பிறந்திருக்குமா? யந்திரத்தை விலைக்கு வாங்கலாம். கட்டடத்தைக் கண்டிராக்டர் எழுப்பித் தருவார். ஆனால் டி அணுவை அறிந்தவர், வைரஸைக் கருவியாக்கத் தெரிந்தவர், ரத்த நோய் வைத்தியர், தயாரித்த அணு தூய்மையானதா என்று பரிசோதிப்பவர் ஆகிய பலரும் ஓரிடத்தில் கூடி, மாணாக்கரைப் பழக்கி, தோல்விகளைப் பொறுத்து நிற்றல் வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில நோயாளிகளுக்குக் கடுஞ்சுரம் கண்டு ரத்த அழுத்தம் வீழ்வதுண்டு. அதனை இரவும் பகலும் கவனிக்கத் தேர்ந்த வைத்தியரும் நர்ஸுகளும் வேண்டும். இவர்கள் அனைவரையும் உருவாக்குபவர் ஆசிரியரே.

நரிக்குடிக்கு மதுரைதான் பெரிய பட்டணம். 1966-இல் ஸ்தாபிதமான மதுரைச் சர்வகலாசாலையின் உயிரியற் பிரிவு ஒரு காலத்தில் தேசமெங்கும் பெயர் பெற்று விளங்கியது. நோயெதிர்ப்பு விஞ்ஞானத்தை அங்கே வளர்த்தவர் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் அவர்கள். ஆகையால் இக்கல்வி மதுரைக்குப் புதிதன்று. ஆனால் 2024-இல் அதே சர்வகலாசாலையின் ஆசிரியர்களும் ஊழியர்களும் மாதச் சம்பளம் கோரிப் போராட நேர்ந்ததையும் கண்டோம். சம்பளமே சந்தேகமான இடத்திற்கு, அயல்நாட்டுப் பரிசோதனைச் சாலைகளில் பயின்ற நம் இளைஞரை எம்முகத்தோடு அழைப்பது?

"நரிக்குடியில் முதலில் சுரத்திற்கு மருந்தும், பிரசவத்திற்கு வைத்தியரும் இருக்கட்டும்; இந்தப் பெரிய பேச்சு பிறகு பார்க்கலாம்" என்று சில அன்பர்கள் கூறுவர். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. சுதேச மருந்துக்கும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. அது ஏழைக்கு எட்டாததே. ஆயினும் விலை எவ்வாறு இறங்கும்? பம்பாயில் ஒன்றும் வேலூரில் ஒன்றுமாக நின்றுவிட்டால் இறங்காது. பல இடங்களில், பொது ஆஸ்பத்திரிகளிலேயே தயாரிக்கும் நிலை வந்தால் இறங்கும். மேலும், ரத்தத்தை அறிந்த பேராசிரியர் மதுரையில் இருந்தால், அவரிடம் பயின்ற வைத்தியர் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அமர்வார். குழந்தையின் சோகையும் விடாச் சுரமும் எதன் அறிகுறி என்று காலத்தில் கண்டுகொள்வார். உயர்ந்த ஆராய்ச்சியும் கிராம வைத்தியமும் ஒரே கிணற்றின் ஊற்றுக்கள்.

"நல்லவர்கள் இங்கே வரமாட்டார்கள்" என்பது மற்றோர் ஆட்சேபம். 1917-இல் ஸர் ஆசுதோஷ் முகர்ஜி அவர்கள், அதிகச் சம்பளமுள்ள சர்க்கார் உத்தியோகத்திலிருந்த நம் தமிழர் சி.வி. ராமனைக் கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் ஆசனத்திற்கு அழைத்தார். ராமனும் குறைந்த ஊதியத்தை ஏற்று வந்தார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவ்வாசனத்தை ஏற்படுத்தியது தாரகநாத் பாலித் என்னும் வக்கீலின் கொடை. கொடையாளரும், ஆளறிந்து அழைப்பவரும், தியாகத்திற்குத் துணிந்த அறிஞரும் ஒன்றுகூடினர், காரியம் நடந்தது.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, மதுரையில் உயிரணுச் சிகிச்சைக்கென நிரந்தர ஆசிரியப் பதவிகள் சிலவற்றை ஏற்படுத்தி, தகுதி ஒன்றையே கருதிப் பகிரங்கமாக ஆளெடுத்தல் வேண்டும். சிபாரிசும் கையூட்டும் அவ்வாசலில் நுழையலாகாது. இரண்டாவது, வருகிறவருக்குப் பரிசோதனைச் சாலையும் ஆரம்பச் செலவுத் தொகையும் அவர் வந்திறங்குமுன் தயாராயிருத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்வாசிரியர்கள் சர்வகலாசாலையிலும் ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் ஒருங்கே பணிபுரிய வழி செய்தல் வேண்டும். நான்காவது, பத்து வருஷ காலம் பலனை அவசரப்படுத்தாத பொறுமை வேண்டும்.

இவற்றைச் சர்க்காரிடம் மட்டும் கேட்டுக் காத்திருக்க வேண்டுவதில்லை. மகமையும் பிடியரிசியும் திரட்டிப் பள்ளிக்கூடம் எழுப்பியவர்கள் விருதுநகர்ப் பெருமக்கள். அவர்களுடைய வழிவந்தோர் ஓர் ஆசனத்திற்கு மூலதனம் அளிக்க மனங்கொண்டால், அது எந்தக் கட்டடத்தினும் நெடிது நிற்கும்.

மதுரை எய்ம்ஸ் கட்டடம் முடியுமுன்னரே, 2022-இல் அதன் வகுப்புகள் ராமநாதபுரத்தில் இரவல் கூரையின்கீழ் தொடங்கின. ஆசிரியர் கிடைத்தால் இரவல் கூரையிலும் கல்வி நடக்கும். அவர் இல்லையேல் பளிங்கு மண்டபத்திலும் நடவாது. "எங்கள் ஜில்லாவிற்கு ஆஸ்பத்திரி வேண்டும்" என்று மேடைதோறும் தீர்மானம் நிறைவேற்றும் தேச ஊழியர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே: அத்தீர்மானத்தின் அடியில், "அங்கே கற்பிப்பவர் யார்? அவருக்கு நிரந்தர உத்தியோகம் உண்டா?" என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து எழுதுங்கள். பதில் வரும் வரையில் விடாது கேளுங்கள்.