பெயர் ஒன்று, அளவு வேறு

துப்பாக்கிக் கட்டுப்பாட்டு வாதத்தில், "அமெரிக்காவைவிட இங்கிலாந்தில்தான் வன்குற்றம் மிகுதி" என்று புள்ளிவிவரம் காட்டுவோர் உளர். அக்கணக்குப் பொருந்துமா?

அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை கொலை, வன்புணர்ச்சி, கொள்ளை, கொடுந்தாக்குதல் ஆகிய நான்கையே வன்குற்றம் எனக் கொள்ளும். இங்கிலாந்துக் காவல்துறையோ காயம் விளையாத தாக்குதலையும் அதில் சேர்க்கும். பெயர் ஒன்று, அளவு வேறு.

கொலைக்கு இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே பொருள். அதனை மறைத்தலும் அரிது. 2019ஆம் ஆண்டில் 1 இலட்சம் பேருக்கு அமெரிக்காவில் 5 கொலைகள். இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 1. ஆயினும், இவ்வேறுபாட்டிற்குக் காரணம் துப்பாக்கியா, வறுமையா, வேறொன்றா என்பதை இவ்வெண் மட்டும் உணர்த்தாது.

முதலில் அளவுகோலை ஒப்பிடுக; பின்னர் எண்ணை ஒப்பிடுக. உயிர் காக்கும் சட்டம் பிழைபட்ட கணக்கின்மேல் எழலாகாது.