கொடுமுடிக் குரலும் நான்கு சுவர்களும்

காவிரிக் கரைக் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்த கே. பி. சுந்தராம்பாள், ஒலிவாங்கி இல்லாத நாடக மேடைகளில் கடைசி வரிசை வரை எட்டும்படி பாடி வளர்ந்தவர். அக்குரலைத் தாங்கிய பழம்பதிவுகள், வீட்டு அறையிலேயே இசை பதியும் இன்றைய கொங்கு இளைஞருக்கு நல்லதோர் அளவுகோலாகவும் அமைகின்றன.

பாட்டைக் கலந்து சீராக்குவோர் நாடும் மானிட்டர் ஒலிபெருக்கி இனிமை கூட்டித் தரக் கூடாது. உள்ளதை உள்ளபடி உரைக்க வேண்டும். வீட்டுக் கேளிக்கைக்கென விற்கும் பெருக்கிகளிற் பல தாழொலியை மிகைப்படுத்துகின்றன. அதை நம்பித் துடும்பு மேளத்தின் முழக்கத்தைக் குறைத்துவிட்டால், பிறர் வீட்டில் அந்தப் பாட்டு உயிரற்று ஒலிக்கும்.

ஆனால் விலையுயர்ந்த மானிட்டரையும் பொய்யுரைக்க வைக்கும் வல்லமை அறைக்கு உண்டு. நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையே மிகுதி. உயரமும் பெரும்பாலும் பத்தடிதான். முப்பது பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். பத்தடி, அதாவது ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களிடையே அது மோதித் திரும்புகையில், 58 ஹெர்ட்சு அளவில் நிலையலை எழுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒத்திருப்பதால் மூன்று நிலையலைகளும் அதே அதிர்வெண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அந்த ஓசை சுவரோரம் பூதாகரமாய்ப் பெருகும். அறையின் நட்டநடுவிலோ ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே நடுவில் அமர்ந்து கலவை செய்வது பெரும்பிழை.

பவானி ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். 1000 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் 35 செ.மீ. மட்டுமே, 58 ஹெர்ட்சின் அலைநீளமோ ஆறு மீட்டர். துணி உச்சவொலியைத்தான் விழுங்கும்; தாழொலி அசையாது நிற்கும். அதைத் தணிக்க, மூலைகளில் தடித்த கனிமப் பஞ்சுப் பலகைகளைச் சுவரினின்று இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும்.

இத்தகைய அறைக்கு எட்டங்குலப் பெருக்கி வீண்செலவு. ஐந்தங்குல இணையே தக்கது. இரண்டையும் காதுமட்டத்தில் வைத்து, உங்களோடு சேர்த்துச் சமபக்க முக்கோணமாக்குங்கள். தாழொலி குறையுமே என அஞ்ச வேண்டாம். 1978இல் யமாஹா வெளியிட்ட என்.எஸ்.10 வீட்டுப் பெருக்கியாகவே பிறந்தது, தாழொலியில் மெலிந்தது. ஆயினும் இடைநிலை ஒலியின் குறைகளை ஒளிக்காததால் உலகப் பதிவுக்கூடங்களில் இடம்பிடித்தது.

வாங்குமுன் ஒரு சோதனை. 1965ஆம் ஆண்டின் ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராகச் சுந்தராம்பாள் பாடிய பாடல் ஒன்றை ஒலிக்க விடுங்கள். ஒற்றைத்தடப் பதிவாதலால், குரல் இரு பெருக்கிகளின் நடுவே ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். ஒருபுறம் சாய்ந்தால் இணை ஒத்திசையவில்லை, அல்லது வைத்த இடம் தவறு. இடந்தெரியாமல் கரைந்து பரவினால், ஒன்றின் இணைப்பு தலைகீழாய் மாறியுள்ளது. அவர் குரலின் கம்மலும் கணீரும் ஒருசேரப் புலப்படாத பெருக்கியை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். கையிலுள்ள தொகையில் ஒரு பங்கை மூலைகளின் பஞ்சுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.