சொந்த நாட்டில் செல்லாக்காசு, இத்தாலியில் ராஜா!
கூடைப்பந்து ஆட்டத்தையே மாற்றிய கோச் டான்டோனி

"உன் ஆட்டம் இங்கே எடுபடாது, கிளம்பு" என்று ஒரு மனிதரைச் சொந்த நாடு எத்தனை தடவை விரட்டலாம்?

மைக் டான்டோனியை அமெரிக்கா இரண்டு தடவை விரட்டியது. ஆட்டக்காரராக ஒரு தடவை. கோச்சாக ஒரு தடவை. இரண்டு தடவையும் அவருக்குக் கைகொடுத்தது இத்தாலி.

ஆனால் இன்று அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து அணிகள் ஆடுவதைப் பாருங்கள். அதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்த ஆட்டம்!

நிலக்கரி ஊர்ப் பையன்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே மல்லன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரியும் ரெயிலும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டன. 1951-ல் அங்கே பிறந்தார் டான்டோனி. இத்தாலியில் இருந்து பிழைக்கப் போன வம்சம்.

அப்பா லூயிஸ் டான்டோனி பள்ளிக்கூடத்து கூடைப்பந்து கோச். அண்ணன் டானும் பிறகு கோச் ஆனார். கோச் வேலை அந்தக் குடும்பத்துச் சொத்து.

மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பெயர் வாங்கிய டான்டோனியை, 1973-ல் கன்சாஸ் சிட்டி-ஒமாஹா கிங்ஸ் அணி எடுத்துக் கொண்டது. அமெரிக்கத் தொழில்முறை சங்கமான என்.பி.ஏ.வில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தது. ஆனால் நிலைக்கவில்லை.

ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக 4 புள்ளி கூட அவரால் எடுக்க முடியவில்லை. இரண்டு வருஷத்தில் கிங்ஸ் அணி வாசல் மூடியது. போட்டிச் சங்கமான ஏ.பி.ஏ.வில் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போனார். 1976-ல் அந்தச் சங்கமே கலைந்து போனது! சான் அன்டோனியோ அணியில் 2 ஆட்டம் ஆடினார். அதோடு சரி.

வயது 25. ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மிலான் கூப்பிட்டது

1977-ல் இத்தாலியின் மிலான் நகரில் இருந்து அழைப்பு வந்தது. 'ஒலிம்பியா மிலானோ' என்பது அந்த ஊரின் பழம்பெரும் கிளப். அங்கே யார் காசு கொடுக்கிறார்களோ, அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் அணிக்கு வைப்பார்கள். ஒரு சமயம் 'பில்லி' என்ற ஆரஞ்சு ஜூஸ் பெயரிலேயே அணி ஆடியது!

தாத்தா நாட்டுக்குப் பேரன் திரும்பிப் போனார். போனவர் 13 வருஷம் அங்கேயே இருந்து ஆடினார்.

அடர்த்தியான மீசை. அலட்டிக் கொள்ளாத நடை. எதிராளி கையில் இருக்கும் பந்து எப்போது இவர் கைக்கு வந்தது என்றே தெரியாது. கதைப் புத்தகத்தில் வரும் கில்லாடித் திருடன் 'ஆர்சென் லூப்பின்' பெயரையே ரசிகர்கள் அவருக்குச் சூட்டினார்கள்.

1982, 85, 86, 87, 89 என்று 5 தடவை இத்தாலி சாம்பியன் பட்டம். 1987, 88 இரண்டு வருஷமும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை. மிலான் கிளப்புக்காக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சாதனை. 1989-ல் இத்தாலி தேசிய அணிக்கே ஆடினார். அப்போது அவருக்கு வயது 38!

31 புள்ளிக் கடன்

அதில் ஒரு ஆட்டத்தை மிலான்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

1986-ம் வருஷக் கடைசி. ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. கிரீஸ் நாட்டில் அரிஸ் அணியிடம் மிலான் 98-67 என்று உதை வாங்கியது. 31 புள்ளி வித்தியாசம். இரண்டு ஆட்டப் புள்ளியையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு. அதாவது, மறு ஆட்டத்தில் 32 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். "இனி என்னய்யா இருக்கு?" என்று யார்தான் கேட்க மாட்டார்கள்?

ஒரு வாரம் கழித்து மிலானில் மறு ஆட்டம். டான்டோனி, மெனெகின், அமெரிக்காவின் பாப் மெக்கடூ எல்லாரும் வெறி பிடித்த மாதிரி ஆடினார்கள். முடிவு: 83-49. வித்தியாசம் 34! அந்த வருஷம்தான் கோப்பையும் மிலானுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் இத்தாலியில் ஒரு சின்னப் பையன் வளர்ந்து கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ஜோ பிரையன்ட்டும் அங்கே ஆட வந்த அமெரிக்கர். டான்டோனி போட்ட 8-ம் நம்பர் சட்டை மேல் பையனுக்கு ஆசை. பின்னாளில் தானும் 8-ம் நம்பரையே போட்டான். அந்தப் பையன்தான் கோபி பிரையன்ட்!

வந்தார், போனார்

1990-ல் ஆட்டத்தை நிறுத்திய டான்டோனி, அதே மிலான் அணிக்கு கோச் ஆனார். பிறகு ட்ரெவிசோ நகரின் பெனட்டன் அணி. 1997-ல் அந்த அணியை இத்தாலி சாம்பியன் ஆக்கினார்.

இனிமேல் தாய்நாட்டில் மதிப்பார்கள் என்று திரும்பினார். டென்வர் அணி அவரைத் தலைமை கோச் ஆக்கியது. 1998-99 சீசனில் 50 ஆட்டம். ஜெயித்தது 14. தோற்றது 36. ஒரே சீசனில் சீட்டுக் கிழிந்தது!

மறுபடியும் ட்ரெவிசோ. 2002-ல் மறுபடியும் இத்தாலி சாம்பியன் பட்டம்.

7 விநாடி வைத்தியம்

மூன்றாவது தடவை அமெரிக்காவில் கால் வைத்தது பீனிக்ஸ் நகரில். முதலில் உதவி கோச். 2003 டிசம்பரில் தலைமை கோச்.

கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். மற்ற அணிகள் நிதானமாகப் பார்த்து, நெட்டையர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்தி மோத விடும். டான்டோனி சொன்ன வழியே வேறு. ஓடு. முதல் 7 விநாடியிலேயே எறி. தூரத்தில் வளைகோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 2-க்குப் பதில் 3 புள்ளி. அதை விடாதே.

ஐரோப்பாவில் நெட்டையர்களும் தூரத்தில் இருந்து எறிவார்கள். அங்கே பார்த்ததை அவர் இங்கே கொண்டு வந்தார்.

டல்லாஸ் அணி விட்டுவிட்ட 30 வயது ஸ்டீவ் நாஷ் கையில் பந்தைக் கொடுத்தார். 2004-05 சீசனில் 82 ஆட்டத்தில் 62 வெற்றி! டான்டோனிக்குச் சிறந்த கோச் விருது. நாஷுக்கு அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் விருது.

ஆனால் வாயை மூட முடியுமா? "ஓடி ஓடி ஆட்டம் ஜெயிக்கலாம், பட்டம் ஜெயிக்க முடியாது" என்ற பேச்சும் கூடவே வந்தது.

அந்த 27 எறிகள்

அந்தப் பேச்சைப் பொய்யாக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2007-ல் சான் அன்டோனியோவுடன் மோதல். நாஷை எதிராளி இடித்துத் தள்ள, பெஞ்சில் இருந்து எழுந்து வந்த குற்றத்துக்காக பீனிக்ஸ் ஆட்கள் இரண்டு பேருக்கு ஒரு ஆட்டம் தடை! அந்த ஆட்டமும் போச்சு, தொடரும் போச்சு.

நியூயார்க் போனார். 2012 மார்ச்சில் பாதியிலேயே ராஜினாமா. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் போனார். 8-ம் நம்பர் பையன் கோபி இப்போது அவர் கீழே ஆடினார். 2013 ஏப்ரலில் கோபியின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு வருஷத்தில் அந்த வேலையும் போனது.

கடைசியாக ஹூஸ்டன். 2017-ல் மறுபடி சிறந்த கோச் விருது. 2017-18 சீசனில் 65 வெற்றி. மேற்கு மண்டல இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக 3-2 என்று முன்னிலை. ஒரே ஒரு வெற்றி போதும். அதற்குள் கிறிஸ் பாலுக்குத் தொடையில் காயம்.

2018 மே 28. ஏழாவது ஆட்டம். சொந்த ஊர் மைதானம். பாதி ஆட்டத்தில் 11 புள்ளி முன்னால் இருந்தது ஹூஸ்டன். அந்த ஆட்டத்தில் நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். 3 புள்ளி எறிகள் தொடர்ந்து 27 தவறின! ஒன்று, இரண்டு அல்ல, இருபத்தேழு. அவர் நம்பிய எறியே அவரைக் கைவிட்டது. 101-92 என்று தோல்வி.

என்.பி.ஏ. பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு உதவி கோச்சாக இருந்தது மட்டும் ஆறுதல். 2020-ல் புரூக்ளின் அணிக்கு உதவி கோச்சாகப் போனார். அங்கே தலைமை கோச் யார் தெரியுமா? பழைய சிஷ்யன் ஸ்டீவ் நாஷ்!

யார் ஜெயித்தது?

கோப்பையை எண்ணுகிறவர்கள் டான்டோனி தோற்றார் என்பார்கள். ஆனால் வேறு ஒரு கணக்கும் இருக்கிறது.

2004-05-ல் என்.பி.ஏ. அணிகள் ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 16 தடவை 3 புள்ளி எறி எறிந்தன. 2023-24-ல் அது 35. சிரித்தவர்கள், விரட்டியவர்கள் எல்லாருமே இப்போது வளைகோட்டுக்கு வெளியே நின்றுதான் எறிகிறார்கள்.

மிலானில் அவர் போட்ட 8-ம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் முடிவு செய்துவிட்டது.