வேனுக்குப் பின்னால் யார்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் கேம்பர் வேன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. என் அண்ணனும் பழைய டொயோட்டா ஹையேஸ் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் சிறு சமையல் மேடையும் போட்டுவிட்டார். அழகுதான். ஆனால் அலமாரி வந்த பிறகு பின்கண்ணாடி மறைந்துபோனது. ஓட்டுநருக்கு மேலுள்ள கண்ணாடியில் தெரிவது தலையணை மட்டும்தான். பக்கக் கண்ணாடிகளோ வேனுக்கு நேர் பின்னால் நிற்கும் மூன்று வயதுக் குழந்தையைக் காட்டாது.

இது வீண் பயமில்லை. 2002-இல் அமெரிக்காவில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி இறந்தான். அவன் பெயரிலேயே 2008-இல் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, 2018 மே முதல் அங்கு புதிய கார்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. நம் கையால் மாற்றிய பழைய வேனுக்கு நாமேதான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் சென்சார். இதுவும் ஒலி வேலை என்பதால் வானொலியில் பிழைக்கும் எனக்குத் தனி ஈடுபாடு. பம்பரில் பதிக்கும் சிறு வில்லைகள் ஏறக்குறைய 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகின்றன. நம் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. ஒலி மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, நெருங்க நெருங்க ‘பீப்’ சத்தம் வேகமெடுக்கிறது. சுவரும் காரும் நன்றாகச் சிக்கும். மெல்லிய கம்பி, சரிந்த பரப்பு, ஒலியை உறிஞ்சும் துணி போன்றவை தப்பிவிடலாம்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. தாழ்வான பொருளைத் தூரத்தில் கண்டு கத்திய சென்சார், வேன் நெருங்கியதும் அடங்கிவிடக்கூடும். பொருள் ஒலிக்கற்றைக்குக் கீழே போய்விடுவதுதான் காரணம். சத்தம் நின்றதால் வழி காலி என்று நினைத்துவிடக் கூடாது. கூடாரம் போடும் இடங்களில் கிடக்கும் மரக்கட்டை, அடுப்புக்கல், குனிந்து மணலில் விளையாடும் பிள்ளை எல்லாமே தாழ்வானவைதான்.

சென்சாரைத் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் பதிப்பது வழக்கம். மிகத் தாழ்வாக வைத்தால் தரையைப் பார்த்தே கத்தும். பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அதைத்தான் நாள் முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கும்.

அதனால் கேமரா இல்லாமல் சென்சார் மட்டும் போதாது என்பது என் கட்சி. பின்கதவின் மேல்நடுவில், பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் தெரியுமளவு கீழ்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். வானத்தைக் காட்டும் கேமராவால் பயனில்லை. படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பீர்கள்.

ஒயர் இழுக்கும்போது பட்டறைக்காரர் அண்ணனைக் கேட்டார்: “பாஸ், பின்கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பீங்க?”

“சமைக்கிற நாள்னா இருபது தடவை இருக்கும்.”

அவர் ஒயரைக் கீல் பக்கமுள்ள ரப்பர்க் குழாய் வழியாகக் கொஞ்சம் தளர்வாக விட்டு இழுத்தார். விறைப்பாக இழுத்த ஒயர் மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துவிடும். தகட்டில் போட்ட துளைகளின் விளிம்பில் துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, ரப்பர் வளையம் மாட்டினார். ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமரா விழிக்கும்படி, மின்சாரத்தை ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுத்தார். வேனுக்குள் இன்வெர்ட்டர் இருந்தால் படம் வரும் ஒயரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். திரையில் கோடுகள் ஓடும்.

எல்லாம் முடிந்ததும் அண்ணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வேனுக்குப் பின்னால் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தார். எங்கே சென்சார் கத்துகிறது, எங்கே திரையில் மட்டும் தெரிகிறது என்று அண்ணனுக்கு மனப்பாடமாகும்வரை விடவில்லை. இப்போது பயணம் கிளம்பினால், ரிவர்ஸ் எடுக்குமுன் பிள்ளைகள் இருவரும் வேனுக்கு முன்னால், அப்பா கண்ணில் படும்படி அம்மாவின் கையைப் பிடித்து நிற்க வேண்டும். கேமரா வில்லையில் மழைச்சேறு படிந்தால் துடைக்க, பின்கதவில் ஒரு பழைய பனியன் துணி தொங்குகிறது.