காகிதத்தைக் கீழே போட்டார்!

குழந்தை விஷமம் செய்துவிட்டு, "நான் இல்லை!" என்று சாதிக்கிறது. அதட்டினால் வாயே திறக்காது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொறுமையாக விசாரிக்கிறீர்கள். உண்மை வந்துவிடுகிறது, இல்லையா? ஒரு முன்னாள் அமெரிக்க ஜனாதிபதியிடமே இந்த யுக்தி பலித்தது என்றால் நம்புவீர்களா?

வாட்டர்கேட் விவகாரத்தால் 1974 ஆகஸ்டில் ரிச்சர்டு நிக்ஸன் ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே புது ஜனாதிபதி ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு அளித்துவிட்டார். இனி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எப்படி?

இங்கிலாந்து டெலிவிஷன்காரர் டேவிட் ஃப்ராஸ்ட் துணிந்தார். பேட்டிக்கு 6 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் பெரிய டெலிவிஷன் நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. "வேடிக்கையாகப் பேசுகிறவருக்கு இது எதற்கு?" என்று கேலி வேறு! ஃப்ராஸ்ட் தாமே பணம் திரட்டினார்.

1977-ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் 12 நாட்கள், 28 மணி நேரத்துக்கு மேல் பேட்டி நடந்தது. ஆரம்பத்தில் நிக்ஸன் கைதான் ஓங்கியிருந்தது. சின்னக் கேள்விக்கும் நீண்ட பிரசங்கம்! வாட்டர்கேட் முறை வந்ததும், ஃப்ராஸ்ட் தேதி தேதியாக எடுத்து அடுக்கினார். கடைசியில் குறிப்புக் காகிதங்களைக் கீழே போட்டுவிட்டு, மனிதரிடம் மனிதராகக் கேட்டார்: தவறு செய்ததை ஒப்புக்கொண்டு, ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்பீர்களா?

குற்றம் செய்ததாக நிக்ஸன் கடைசிவரை ஒப்பவில்லை. ஆனால், நாட்டு மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்றத் தவறிவிட்டதாகத் தழுதழுத்துச் சொன்னார். மே 4-ம் தேதி ஒளிபரப்பான அந்தப் பகுதியைச் சுமார் நாலரைக் கோடிப் பேர் பார்த்தார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது பெரிய வித்தைதான். ஆனால், உங்களுக்குத் தெரியாத வித்தையா அது?