கலியாண ஏற்பாட்டாளர் யாருடைய ஆள்?

கடந்த மாதம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும்போது, ஏறாவூரில் புடைவைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கையில் கடதாசியுடன் காத்திருந்தார். "காக்கா, மகளின் கலியாணத்துக்கு வெடிங் பிளேனர் ஒருவர் தந்த கொட்டேஷன் இது. தனக்குக் கூலியே வேண்டாம் என்கிறார். எடுக்கலாமா?" என்று கேட்டார்.

கூலி வேண்டாம் என்ற அந்த வரிதான் என்னை உறுத்தியது. இரண்டு மாதம் கூலியில்லாமல் ஓடித் திரிய அவர் என்ன, பெண்ணின் தாய்மாமனா?

இந்தக் கேள்வி இப்போது எம்மவர் பலருக்கும் வருகிறது. ஆகவே ஒரு வியாபாரி என்ற வகையில் நான் பட்டறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

முன்னர் எமது ஊர்களில் இதற்கென்று தனி ஆள் இருக்கவில்லை. கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம் என்பதால் வேலையும் பெண் வீட்டாருக்கே அதிகம். பந்தல் கட்ட மச்சான்மார், சஹன் தூக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கணக்குப் பார்க்க சாச்சா என்று எல்லாம் நடந்தது. அது இலவசம் என்று நினைக்கக் கூடாது. அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் நாமும் அப்படியே உழைத்துக் கடனை அடைத்தோம். இன்று அந்த மச்சான் கட்டாரில் இருக்கிறார், பிள்ளைகள் கொழும்பில் இருக்கிறார்கள். அன்று உடலால் அடைத்த கடனை இன்று காசாகக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

முதலில், பிளேனர் தேவையா என்று பார்ப்போம். மூத்த மகளின் கலியாணத்தை நானே முன்னின்று செய்தேன். பெரும்போக அறுவடை முடிந்து படுவான்கரை விவசாயிகள் ஹாட்வெயார் கடன் தீர்க்க வரும் காலம் அது. நானோ கதிரைக்கும் ஜெனரேட்டருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பதினொரு நாள் கடையில் நான் இல்லை. வந்தவர்கள் என்னைக் காணாமல் திரும்பி, கையிலிருந்த காசை வேறு தேவைக்குச் செலவழித்துவிட்டார்கள். அந்தக் கடனில் ஒரு பகுதி இன்றுவரை வரவில்லை. கலியாணச் செலவுக் கொப்பியில் அந்த நட்டத்தை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே கணக்கு இதுதான். நீங்கள் இல்லாததால் கடைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நட்டம், எத்தனை நாள் என்று பெருக்குங்கள். உதாரணமாக, தேறிய இலாபத்தில் நாளொன்றுக்கு 15,000 ரூபா வீதம் பத்து நாள் குறைந்தால் 150,000 ரூபா. பிளேனரின் கூலி அதைவிடக் குறைவென்றால் யோசிக்கலாம். கல்லாவில் உட்கார நம்பிக்கையான மகன் இருந்தால் உங்கள் நட்டம் குறையும். வீட்டு வளவில் 200 பேருக்கு வலீமா என்றால் நல்ல சமையற்காரர், பந்தல்காரர், கொப்பியும் பேனையும் வைத்திருக்கும் ஒரு மச்சான் ஆகியோர் போதும். அன்றைய ஒரு நாளுக்கு மாத்திரம் மேற்பார்வைக்கு ஆள் பிடிப்பதும் ஒரு வழி.

பிளேனர் வேண்டும் என்று முடிவெடுத்தால், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையே முதலில் கேளுங்கள். மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பேசித் தீர்த்த கூலி. இரண்டு, மொத்தச் செலவில் நூற்றுக்கு இத்தனை வீதம். இதில் உங்கள் செலவு கூடினால் அவர் வருமானமும் கூடும், சிக்கனம் செய்ய அவருக்கு ஆசை வராது. மூன்றாவது, 'கூலியே வேண்டாம்' என்பது. அவர் மண்டபக்காரரிடமும் கேட்டரிங்காரரிடமும் அலங்காரக்காரரிடமும் கொமிஷன் எடுப்பார். அது உங்கள் பில்லுக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது மகளின் கலியாணத்தில் நான் இதை அனுபவித்தேன். பிளேனர் சொன்ன பந்தல் விலையும், பந்தல்காரரிடம் நான் நேரில் கேட்ட விலையும் ஒன்றல்ல. கொமிஷன் எடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. நாமும் வியாபாரிகள்தான். ஆனால், எமக்காகப் பேரம் பேசப் போனவர் எமது வக்கீல். அவர் மற்றப் பக்கத்திலும் ஒளித்து வாங்குவது அமானிதத்துக்கு மாற்றமானது. புறக்கோட்டையில் எமக்குச் சாமான் எடுத்துத் தருபவர் அப்படிச் செய்தால் விடுவோமா?

பேசி முடிக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. கூலியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். சாமான், சேவைகளின் பில் உங்கள் பெயரில் வர வேண்டும். இரண்டு விடயங்களின் விலையை நீங்களே நேரில் கேட்டு ஒப்பிடுங்கள்.

2. அல்பத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர் செய்த கடைசிக் கலியாணங்களின் வாப்பாமாருடன் பேசுங்கள். படத்தில் மேடை தெரியும், சாப்பாடு குறைந்தது தெரியாது.

3. எமது ஊர் முறை தெரியுமா என்று சோதியுங்கள். சஹனுக்கு ஆறு பேர் என்றால் 600 பேருக்கு 100 சஹன். மூன்று பேர் மட்டும் உட்கார்ந்த சஹனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பெண்கள் பகுதியில் பரிமாறுவதும் படம் எடுப்பதும் யார், தொழுகை நேரத்தில் என்ன ஒழுங்கு என்றும் கேளுங்கள்.

4. நவம்பர் முதல் ஜனவரி வரை எமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. மழைக்கு மாற்றுத் திட்டம் இல்லாதவர் எவ்வளவு பெயர் எடுத்தவராக இருந்தாலும் எமக்குச் சரிவரமாட்டார்.

5. முற்பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் வேலை முடிய முடியக் கொடுங்கள். 2020, 2021இல் கொரோனாக் கட்டுப்பாடுகளால் கலியாணங்கள் தள்ளிப்போயின. 2022இல் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் இல்லாமல் போயின, அரிசி விலை கைமீறியது. ஆகவே திகதி மாறினால் முற்பணத்துக்கு என்ன நடக்கும், விலை ஏறினால் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

6. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு எடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுவதென்றாலும் கையில் கடதாசி வேண்டும்.

எவருக்கும் ஒப்படைக்க முடியாத வேலைகளும் உண்டு. யாரை அழைப்பது என்பது உங்கள் குடும்ப விடயம். விவாகப் பதிவும் அப்படியே. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவு செய்விக்கும் கடமையை மணமகன், மணமகளின் வலீ, நிக்காஹ்வை நடத்தியவர் ஆகியோர் மீதே சுமத்துகிறது. பிளேனர் அந்தப் பட்டியலில் இல்லை. மேடைப் பூவைப் பற்றிப் பத்துத் தடவை பேசிவிட்டுப் பதிவை மறந்தால், பின்னர் கஷ்டப்படுவது உங்கள் மகள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் மதீனாவின் பெரும் வியாபாரி. அவர்கள் மணமுடித்ததை நபி (ஸல்) அவர்கள், அவரது உடலில் இருந்த வாசனைப் பொருளின் மஞ்சள் நிறத்தைக் கண்டு விசாரித்தே அறிந்துகொண்டார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமாக் கொடுக்கச் சொன்னார்கள். பிளேனரைத் தேட முன்னர், எமது வலீமா எத்தனை பேருக்கு என்பதைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிச் செலவு அங்கேயே முடிந்துவிடும்.

ஏறாவூர் நண்பர் திரும்பிப் போய், கூலியை எழுதித் தரும்படியும் பில்களைத் தன் பெயரில் எடுக்கும்படியும் கேட்டிருக்கிறார். பிளேனர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாராம். "மொத்தத் தொகை பெரிதாகக் குறையவில்லை காக்கா. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறேன் என்று இப்போது தெரிகிறது" என்றார்.

கடைச் சாமானுக்கு இன்வொய்ஸ் பார்க்காமல் காசு கொடுக்காத நாம், மகளின் கலியாணத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும்?