கோயிற் சுவரும் களிமண்ணும்

கிறித்தவ ஆலயங்களிலே சுவர் என்பது கூரையைத் தாங்குவதற்கு மாத்திரம் எழுப்பப்பட்டதன்று. ஏட்டைப் படிக்க அறியாத மக்களுக்கு வேதாகம நிகழ்ச்சிகளைக் கண்முன் நிறுத்துவதும் அதன் கடமையென மேனாட்டார் நெடுங்காலமாகக் கருதி வந்தனர். உரோமாபுரியிலே பாப்பரசராக விளங்கிய பெரிய கிரகோரியார், 600ஆம் ஆண்டையொட்டி மார்செய் நகரத்து ஆயருக்கு எழுதிய மடலில் இக்கருத்தை வற்புறுத்தினார். எழுத்தறிந்தோர் நூலிற் பெறுவதை எழுத்தறியாதோர் சுவரிலுள்ள உருவத்திற் பெறுகின்றனர் என்பது அவருடைய வாதம்.

ஆயினும், அச்சுவரை எதனால் அணிசெய்வது? ஈரச் சுண்ணச் சாந்தின் மீது தீட்டும் ஓவியம் அழகியது. ஆனால், சுவரிலே நீர் ஊறினால் வண்ணம் உதிர்ந்துவிடும். சலவைக்கல் நிலைத்து நிற்கும்; ஆனால், அதற்கு வேண்டிய பொருளும் உழைப்பும் மிகப் பெரியன. வெண்கலம் அதனினும் அருமையானது. செல்வம் மிக்க பேராலயங்களுக்கு இவை இயலும். சிற்றூர்க் கோயில் யாது செய்யும்? இவ்வினாவுக்குச் சிறந்த விடையொன்றைக் கண்ட சிற்பியையும் அவர் குடும்பத்தையும் பற்றியே நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

லூக்கா தெல்லா றொபியா என்பவர் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் 1400ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். அந்நகரப் பேராலயத்துக்கென 1431 முதல் 1438 வரை சலவைக்கல்லிற் பாடகர் மேடையொன்றைச் செதுக்கினார். சங்கீதப் புத்தகத்தின் இறுதிச் சங்கீதத்தைத் தழுவி, எக்காளம் ஊதியும் மேளம் கொட்டியும் நடனமாடியும் இறைவனைத் துதிக்கும் இளையோரைப் பத்துப் பலகங்களிலே புடைப்புச் சிற்பமாக அமைத்தார். அவர்களின் முகத்தில் ததும்பும் மகிழ்ச்சியை இன்றும் அப்பேராலயத்தின் காட்சிச்சாலையிலே காணலாம். இத்துணைப் புகழ்பெற்ற கற்சிற்பி, அதன் பின்னர்க் களிமண்ணை நாடினார். கல்லிலும் வெண்கலத்திலும் செலவாகும் காலத்தையும் கைக்கு வரும் ஊதியத்தையும் கணக்கிட்டுப் பார்த்தே அவர் இம்முடிவுக்கு வந்தார் என, 1550இல் சிற்பிகளின் வரலாற்றை வெளியிட்ட வசாரி கூறுகின்றார்.

களிமண்ணில் உருவம் சமைத்தல் புதியதன்று. நம் கோயில் வீதிகளிலும் மண்ணாலான குதிரைகளைக் கண்டிருக்கின்றோம். லூக்காவின் புதுமை, சுட்ட மண்ணின் மீது அவர் ஏற்றிய மெருகிலே இருந்தது. குயவர் பாத்திரங்களுக்குப் பூசிய ஈய மெருகிலே வெள்ளீயச் சாம்பலைக் கலந்தால், அது தெளிந்த கண்ணாடியாக இராமற் பால் போன்ற வெண்மை பெறும். இதனைச் செம்மைப்படுத்திச் சிற்பத்துக்குப் பயன்படுத்தியவர் அவரே. சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெளிறிய களிமண்ணில் உருவத்தைச் சமைத்து, ஒரே தடிப்பாக உலரும்படி பின்புறத்தைக் குடைந்து, முதலிற் சூளையில் ஒரு முறை சுடுவர். பின்னர் மெருகைப் பூசி மறுமுறையும் சுடுவர். அப்போது மெருகு உருகி மண்ணோடு ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். பெரிய சிற்பமாயின், ஆடையின் மடிப்பும் உருவத்தின் விளிம்பும் செல்லும் வழியே அதனைத் துண்டுகளாக்கிச் சுட்டுச் சுவரிற் சாந்து வைத்துப் பொருத்துவர். பொருத்து வாய்கள் பார்ப்போர் கண்ணுக்கு எளிதிற் புலப்படா.

1442 தொடக்கம் 1445 வரையான காலத்தில், அதே பேராலயத்தில், குருமார் திருவுடை அணியும் அறையின் வாயிலுக்கு மேலே, அரைவட்ட வடிவில் கிறித்துநாதரின் உயிர்த்தெழுதலை லூக்கா இம்முறையில் அமைத்தார். கல்லறைக்கு மேலே ஆண்டவர் எழுந்து நிற்கின்றார். இருபுறமும் சம்மனசுகள் வணங்குகின்றனர். கீழே காவலர் உறங்குகின்றனர். உருவங்கள் வெண்மை, பின்னணி ஆழ்ந்த நீலம். இத்தெரிவிலே ஆழ்ந்த அறிவு உண்டு. பேராலயத்தின் உட்புறம் மங்கலானது, வாயிலோ உயரமானது. அங்கே சாயம் பூசிய மண்ணுருவை வைத்திருந்தால் அது நிழலோடு நிழலாகக் கலந்திருக்கும். மெருகேறிய வெண்மை, உள்ளே நுழையும் சிறிதளவு வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பித் தருகின்றது. தொலைவில் முழந்தாட்படியிட்டிருக்கும் முதியவளுக்கும் இன்ன நிகழ்ச்சி என்பது விளங்கும்.

லூக்காவின் பின் அவர் தமையன் மகன் அந்திரேயா, 1435இற் பிறந்து 1525 வரை வாழ்ந்து, இப்பட்டறையை வளர்த்தார். தேவமாதாவும் குழந்தை யேசுவும் விளங்கும் சிறு பலகங்களை அச்சிலே எடுத்து, ஈரம் புலர்வதன்முன் கையாலே திருத்தி, பலவாகச் செய்தனர். அவை சிற்றாலயங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் தெருச்சந்தி மாடங்களிலும் இடம்பெற்றன. மழையும் வெயிலும் அவற்றின் நிறத்தைக் கெடுக்கவில்லை.

அச்சில் எடுத்தது கலையாகுமா, மலிந்த பொருளிலே பக்தி குறைந்துவிடாதா என வினவுவார் உளர். அவர்களுக்கு விடையாகப் புளோரன்சு நகரிலுள்ள அநாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் காட்டலாம். பட்டு வணிகர் சங்கம் 1419இற் கட்டத் தொடங்கிய அவ்வில்லம், 1445இல் முதற் குழந்தையை ஏற்றது. 1487இல் அதன் முகப்பு வளைவுகளுக்கிடையே, நீல வட்டங்களில், துணியாற் சுற்றிய பச்சிளங் குழந்தைகள் பத்தை அந்திரேயா அமைத்தார். கிரீடமும் ஒளிவட்டமும் இல்லாத, பெற்றோரால் விடப்பட்ட குழந்தைகள். சிலரின் சுற்றுத்துணி நெகிழ்ந்திருக்கின்றது. எல்லாரும் கைகளை விரித்து நிற்கின்றனர். ஒருவர் முகம் மற்றொருவர் முகம் போன்றதன்று. வழிப்போக்கரிடம் இரக்கத்தை வேண்டும் அச்சிற்பத்தின் வலிமை, மண்ணின் விலையினாற் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லத் துணியார்.

மற்றுமோர் இடம் லா வேர்னா மலை. அசீசி நகரத்துப் புனித பிரான்சீசு 1224இல் ஐந்து காயங்களையும் பெற்றதாகப் போற்றப்படும் அத்தலம், கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேலே, பனியும் ஈரமும் சூழ்ந்த காட்டிடையே உள்ளது. சுவரோவியம் அங்கே நெடுநாள் நிலைப்பது அரிது. அந்திரேயாவின் மங்களவார்த்தைக் காட்சியும் சிலுவைக் காட்சியும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒளி குன்றாது விளங்குகின்றன. துண்டுகளாகக் கொண்டுசென்று பொருத்தத்தக்க சிற்பமாதலின் மலையும் அதற்குத் தடையாகவில்லை.

மூன்றாந் தலைமுறையில், அந்திரேயாவின் மகன் யோவான்னியின் காலத்தில், பச்சை, மஞ்சள், ஊதா எனப் பல வண்ணங்களும் பழக்கொத்து மாலைகளும் நிறைந்தன. தேர்ச்சி குறையவில்லையாயினும், பல சிற்பங்களில் அணி மிகுந்து அமைதி குறைந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே அக்குடும்பத்தின் கலை மங்கி மறைந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கோயிற் சுவரை அழகுசெய்ய முற்படுவோர், எத்துணை விலையுயர்ந்த பொருளை வாங்கலாம் என்பதையே முதலில் எண்ணுகின்றனர். லூக்கா எண்ணியவை வேறு. இச்சுவர் ஈரமானதா? இங்கே வெளிச்சம் எவ்வளவு? யார், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பர்? அவர்கள் மனத்தில் எதனைப் பதிக்க வேண்டும்? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே அவர் பொருளைத் தெரிந்தார். ஈரலிப்பு மிகுந்த நம் நாட்டிலே, ஊரார் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணத்தைக்கொண்டு ஆலயம் எழுப்புவோர்க்கு இவ்வினாக்கள் பெரிதும் பயன்படும். காலடியில் மிதிபடும் மண்ணும், அறிவும் பொறுமையும் கூடிய கையிலே, வழிபாட்டுக்குரிய வடிவம் பெறும்.